ரம்பம் விழும் உயரம்

அன்றைக்குச் சோளக்காட்டில், விவசாயிகள் சங்க அறையில் இருந்தவர்கள்:

அருணாசலம், மர வியாபாரி, காளப்பநாயக்கன்பட்டி. மரத்துக்கு வருவதற்கு முன்னால் வெகுகாலம் மாட்டுத் தரகு பார்த்தவர்.

சபரீஷ், அவருடைய மருமகன். சட்டம் படித்துக்கொண்டிருந்தான். பாதி படிப்பை வைத்துக்கொண்டு முழுசாகப் பேசுவான்.

நல்லமுத்து, வாசலூர்பட்டி. தோட்டம் இவருடையது.

அம்சவேணி, வக்கீல். ஆனால் அன்றைக்கு யாருக்கும் வக்கீல் இல்லை. கோர்ட் அனுப்பி வைத்த சமரசர்.

முனியாயி, சங்க அறையின் சாவிக்காரர். டீயும் அவர்தான்.

நான், அசோக். மிளகுக் குத்தகைக்காரன். நூல் மில்லின் நைட் ஷிப்டைப் பாதியில் விட்டுவிட்டு மலையேறியவன்.

இரண்டாயிரத்து ஏழு, தை மாதக் கடைசி.

வழக்கு இதுதான். நல்லமுத்துவின் தோட்டத்தில் சில்வர் ஓக் மரங்கள் நிற்கின்றன. ஒவ்வொரு மரத்திலும் மிளகுக் கொடி ஏறியிருக்கிறது. கொடியை அவர் எனக்கு ஐந்து வருடக் குத்தகைக்கு விட்டார். மறுவருடம் மரத்தை அருணாசலத்துக்கு விற்றார். மலைக்குக் கீழே இருப்பவர்கள் கேட்டால் ஏமாற்று என்பார்கள். ஏமாற்று இல்லை. மலையில் ஒரு மரம் என்பது ஒரு பொருள் இல்லை. நல்லமுத்து வீட்டுப் பலா மரத்தில் பழம் தம்பிக்கு, கட்டை இவருக்கு, அதில் ஏறிய கொடி அக்காவுக்கு. பாகம் பிரித்தபோது அப்படித்தான் பிரித்தார்கள். யாரும் சண்டை போட்டதில்லை. அந்தப் பழக்கத்தில் இவர் கொடியை ஒருவனுக்கும் மரத்தை இன்னொருவருக்கும் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். பலாவை யாரும் வெட்டப்போவதில்லை, சில்வர் ஓக்கை வெட்டத்தான் வாங்குகிறார்கள் என்பது அவருக்குத் தோன்றவில்லை. தோட்டத்துக்குள் ரம்பம் வந்த அன்றுதான் எல்லோருக்கும் தோன்றியது.

நான் கோர்ட்டுக்கு ஓடினேன். தடை கிடைத்தது. அன்று சாயந்திரம் என் பறிப்பாட்கள் எல்லோருக்கும் சோளக்காட்டில் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் வக்கீல் உத்தரவைப் படித்துக் காட்டினார். வழக்கு முடியும்வரை தோட்டம் இருக்கிறபடியே இருக்க வேண்டும், யாரும் எதையும் தொடக் கூடாது. யாரும் என்றால் நானும்தான். அருணாசலத்தின் கையைக் கட்ட நான் வாங்கிய கயிறு என் கையையும் சேர்த்துக் கட்டிவிட்டது.

அப்போது மிளகு பச்சையாக இருந்தது. அதனால் வலிக்கவில்லை. இப்போது சரத்துக்கு ஒன்றிரண்டு மணி சிவந்துவிட்டது. சிவந்தால் பறித்துவிட வேண்டும். விட்டால் குருவிக்குப் பாதி, மண்ணுக்குப் பாதி. அடுத்த வாய்தா பங்குனியில். பங்குனியில் அந்தத் தோட்டத்தில் கூட்டி அள்ளத்தான் ஏதாவது இருக்கும்.

மிளகு போனால் எனக்கு மில்தான். வேறு கணக்கு எதுவும் இல்லை. மில் வேன் தினமும் பேளுக்குறிச்சி முக்கில் நின்று ஆள் ஏற்றுகிறது. உள்ளே போனால் விளக்கு எரிகிற குகை. மூக்கில் பஞ்சு, காதில் இரைச்சல், விடிந்தபிறகு தூக்கம். எனக்கு அந்த இடம் பிடிக்காது. அது ஏன் என்று யோசித்து யோசித்தே அங்கே இரண்டு வருடம் ஓட்டியிருக்கிறேன். இடம் காலியாக இருக்கிறது, திங்கட்கிழமை வந்தால் சேர்த்துக்கொள்கிறேன் என்று சூப்பர்வைசர் சொல்லி அனுப்பியிருந்தார். என் மனைவி ரஞ்சிதா அதை என்னிடம் சொன்னபோது அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

இந்த நிலைமையில்தான் ஜட்ஜ் எங்களைச் சமரசத்துக்கு அனுப்பினார். ஒரு நாள் உட்கார்ந்து பேசுங்கள், முடியாவிட்டால் வழக்கு வழக்காக நடக்கட்டும் என்றார். என் வக்கீலுக்கு அதில் பிடித்தமில்லை. அருணாசலத்தின் வக்கீலுக்கும் இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே முகம்.

அம்சவேணி முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். நாற்பது வயது இருக்கும். வளைவுகளில் வந்த தலைசுற்றலுக்கு ஒரு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே பேசினார். தீர்ப்பு சொல்ல வரவில்லை என்றார். யார் சரி, யார் தப்பு என்று அவரிடம் நிரூபிக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுவார். தனியாகச் சொன்னது அடுத்தவர் காதுக்குப் போகாது, கோர்ட்டுக்கும் போகாது.

சபரீஷ் உடனே ஆரம்பித்தான். விற்பனைப் பத்திரம், பதிவு, சட்டப் பிரிவு. அந்தம்மா முழுவதையும் கேட்டுவிட்டு அவனைப் பார்த்துச் சிரித்தார்.

“நல்லாப் படிச்சிருக்கீங்க தம்பி. ஜட்ஜ் முன்னால சொல்லுங்க, ஜெயிப்பீங்க. எந்த வருசம்னுதான் தெரியாது.”

அருணாசலம் சிரிக்கவில்லை. ஆனால் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

அந்தம்மா அவரைத்தான் முதலில் உள்ளே கூப்பிட்டார். பின்னால் சாக்கு அடுக்கும் சின்ன அறை. நான் வெளியே நின்றேன். பலகைச் சுவர். சத்தம் வரும், சொல் வராது. முதலில் அருணாசலம் கத்தினார். பிறகு குரல் இறங்கியது. பிறகு, நம்பவே முடியவில்லை, இரண்டு பேரும் சிரித்தார்கள். என்ன பேசினார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

என் முறை வந்தது. நான் ஒப்பந்தத்தை எடுத்தேன். அதை மடித்து வைக்கச் சொன்னார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ஆனி மாசத்துல கோர்ட் கொடி முழுசும் உங்களுக்குத்தான்னு சொல்லுதுன்னு வையுங்க. அந்தத் தீர்ப்பை வச்சு என்ன பண்ணுவீங்க?”

“கண்ணாடி போட்டு மாட்டலாம்.”

“இப்ப என்ன வேணும்?”

“பறிக்கணும். இந்த வாரம் பறிக்கணும்.”

“அது மட்டுந்தானா?”

அடுத்தடுத்த வருடமும் பறிக்க வேண்டும் என்றேன். மரம் சாய்ந்தால் கொடி போச்சு, புதுக்கொடி காய்க்க மூன்று வருடம் என்றேன். எழுதிக்கொள்ளாமல் கேட்டார். பிறகு எழுந்து, தோட்டத்தைப் பார்க்க வேண்டும், எல்லோரும் ஒரே ஜீப்பில் போகலாம் என்றார். அருணாசலம் என்னைக் காட்டி, இவனோடு ஒரே சீட்டில் உட்கார மாட்டேன் என்றார். நானும் அதையேதான் சொன்னேன். கடைசியில் நடுவில் நல்லமுத்துவை உட்கார வைத்துக்கொண்டு வாசலூர்பட்டிக்குப் போனோம். அவர் வழி முழுக்க, மரம் வேறு, கொடி வேறு, இதில் என்ன சண்டை என்று இரண்டு பக்கமும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டே வந்தார்.

தோட்டத்தில் என் பறிப்பாட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய மரம் வெட்டுகிறவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு கூட்டமும் வேலையில்லாமல் வாரக்கணக்கில் சேர்ந்து பீடி பிடித்து நண்பர்களாகியிருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து பிரிந்து நின்றார்கள்.

அம்சவேணி ஒரு மரத்தைத் தொட்டு, இது எதற்குப் போகிறது என்று அருணாசலத்தைக் கேட்டார்.

பெட்டிக்கு என்றார் அவர். சேலத்துக்கு மாம்பழப் பெட்டி. சீசனுக்கு முன்னால் போய்ச் சேரவேண்டும், போகாவிட்டால் பெட்டிக்காரன் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வான்.

நான் அப்போதுதான் அதைக் கேள்விப்பட்டேன். வழக்கு போட்ட நாளிலிருந்து அந்த ஆளுக்கு நேரம் நிறைய இருக்கிறது, எனக்குத்தான் இல்லை என்று நினைத்திருந்தேன். அவருக்கும் கழுத்தில் கத்தி. நான் வாங்கிய தடை அவரையும் அறுத்துக்கொண்டுதான் இருந்தது.

பெட்டிப் பலகைக்குக் கட்டை எவ்வளவு பருமன் வேண்டும் என்று அந்தம்மா கேட்டார்.

அருணாசலம் தொடையைத் தட்டிக் காட்டினார். இவ்வளவு போதும்.

நீளம்?

“நீளமா எங்கீங்க கொண்டுபோறது? கொண்டை ஊசி வளைவுல லாரி திரும்புமா? ஆளு ஒசரத்துக்குத் துண்டு போட்டுத்தான் ஏத்தணும்.”

எல்லோரும் மேலே பார்த்தோம். பறிப்பாட்கள் பார்த்தார்கள், வெட்டுகிறவர்கள் பார்த்தார்கள், சபரீஷ்கூடப் பார்த்தான். கொடி ஏணி எட்டுகிற உயரத்தோடு நின்றுவிடுகிறது. மரம் அதற்கு மேல் இன்னும் இரண்டு மடங்கு போகிறது. கொடி நிற்கிற இடத்தில் மரம் தொடைப் பருமனுக்குக் குறையவில்லை. இத்தனை நாள் அந்த மரத்தின் கீழே நின்று ஒருவனை ஒருவன் அடிக்கப் போயிருக்கிறோம். தலையைத் தூக்கிப் பார்த்ததில்லை.

அடிமரம் எனக்கு, நுனிமரம் அவருக்கு. அவ்வளவுதான். கேள்வி ஒன்றே ஒன்று, ரம்பம் எந்த உயரத்தில் விழுவது?

அங்கேதான் எல்லாம் மறுபடி மாட்டிக்கொண்டது. கட்டையின் கனம் அடியில் இருக்கிறது. கீழே இறங்க இறங்க அவருக்கு லாபம், மேலே ஏற ஏற எனக்குக் காய். தவிர, சோளக்காடு டீக்கடையில் நாலு பேர் முன்னால் அருணாசலம் வேரோடு எடுப்பேன் என்று சொல்லியிருந்தார். ஒரு கொப்புகூடத் தரமாட்டேன் என்று நான் சொல்லியிருந்தேன். அந்த நாலு பேரில் மூன்று பேர் இப்போது இங்கே நின்று எங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்சவேணி ஆளுக்கு ஒரு உயரம் சொல்லச் சொன்னார். அருணாசலம் கணுக்காலைக் காட்டினார். நான் கொடியின் கடைசி இலையைக் காட்டினேன். அதற்குமேல் இரண்டு பேரும் அசையவில்லை. அசைந்தவன் தோற்றவன். எல்லோரும் பார்க்கிறார்கள்.

அம்சவேணி சுற்றி ஒருமுறை பார்த்தார். பிறகு நல்லமுத்துவின் தோளிலிருந்த துண்டைக் கேட்டு வாங்கி அருணாசலத்திடம் நீட்டினார்.

“சந்தையில எப்படிப் பேசுவீங்க?”

அருணாசலம் ஒரு நொடி விழித்தார். பிறகு அவர் முகம் மாறியது. நான் அவரைப் பார்த்த நாளாக அந்த முகத்தை இறுக்கமாகத்தான் பார்த்திருக்கிறேன். இப்போது இருபது வயது குறைந்துவிட்டது.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேசமாட்டார்கள். கையின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு விரலைப் பிடித்துப் பேசுவார்கள். சுற்றி நிற்கிறவனுக்கு எதுவும் தெரியாது. எங்கே ஆரம்பித்தார்கள், யார் இறங்கினார்கள், யார் ஏறினார்கள் என்பது அந்த இரண்டு கைகளுக்குத்தான் தெரியும்.

ஒரு விரலுக்கு என்ன அளவு என்று அவர் கேட்டார். ஏணிப்படி என்றேன். மிளகு பறிக்கிற ஒற்றை மூங்கில் ஏணி அங்கேயே சாத்தியிருந்தது. பிடிக்கிற விரல் ஒவ்வொன்றும் ஒரு படி. கையை முழுசாகப் பிடித்தால் ஐந்து. சபரீஷ் பதறிப்போய், மாமா, இது கோர்ட்டில் செல்லாது, எழுத்தில் இல்லாத பேச்சு என்றான்.

“நீ சித்த சும்மா இரு மாப்ள. இது நான் படிச்ச காலேஜி.”

துண்டு விழுந்தது. உள்ளே அவர் கை என் கையைப் பிடித்தது. காய்த்த கை, சூடாக இருந்தது. இரண்டு விரல். அதாவது முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. நான் அவர் கையை முழுசாக மூன்று தடவை பிடித்தேன். பதினைந்து. அவர் உதறினார். நானும் உதறினேன். கூட்டம் நெருங்கி வந்தது.

அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார்.

“பஞ்சு பொறுக்குன கைக்கு மொளகு கேக்குதாக்கும்? ஒரு படி தரமாட்டேன். எழுதி வச்சுக்க.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கையை இழுக்கப் போனேன். இழுக்க முடியவில்லை. துண்டுக்குள் அவர் கை என் கையை முழுசாகப் பிடித்து, விட்டு, மறுபடி ஒரு விரலைப் பிடித்தது. ஆறு. வாய் ஒரு படி தரமாட்டேன் என்கிறது. கை நாலு படி கொடுத்துவிட்டது.

எனக்கு ஒரு கணம் ஆயிற்று புரிய. வாய் கூட்டத்துக்கு. கை எனக்கு.

“கெழட்டு மாட்டுக்குக் கொம்பு சீவிக் கெடாரின்னு வித்தவருதானுங்களே நீங்க” என்று நான் கத்தினேன். “உங்ககிட்ட எறங்கி வர நான் என்ன கேனையனுங்களா?” கத்திக்கொண்டே இரண்டு படி இறங்கினேன். பதின்மூன்று.

கூட்டம் ஓ என்றது. அருணாசலத்தின் கண் மின்னியது. பிடித்துவிட்டான் பையன் என்று அந்தக் கண் சொன்னது. அவர் என் குலத்தை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் திட்டினார். என் நடையை, என் செருப்பை, நான் போட்டிருந்த சட்டையை. திட்டத் திட்ட எட்டு. நான் அவருடைய ரம்பத்தில் பல் இல்லை என்றேன். லாரிக்கு வயது மருமகனைவிட அதிகம் என்றேன். பன்னிரண்டு. அவருடைய வெட்டுகிறவர்கள் என்னை அடிக்க வரப் பார்த்தார்கள், என் பறிப்பாட்கள் அவர்களைப் பிடித்தார்கள். அம்சவேணி மட்டும் ஒரு கல்லில் உட்கார்ந்து எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருந்தார். துண்டுக்குள் என்ன நடக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஒன்பது. பன்னிரண்டு. பத்து. அங்கே கொஞ்ச நேரம் நின்றது. நான் யோசித்தேன். பதினொன்றில் ரம்பம் விழுந்தால் கொடியின் நுனி போகும். நுனியில் காய் குறைவு, நல்ல காய் எல்லாம் நடுவில். அதில்லாமல் நான் பிழைக்கலாம். பிழைக்கலாம் என்று தெரிந்த கணத்தில் கை தானாக அசைந்தது. கை, கை, ஒரு விரல்.

அருணாசலம் அந்த விரலை விடவில்லை. அழுத்திப் பிடித்துக்கொண்டார். திட்டை நிறுத்தினார்.

துண்டை உதறி நல்லமுத்துவின் தோளில் போட்டுவிட்டு, “பதினொண்ணு” என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. யார் இறங்கினது என்று ஒருவன் கேட்டான். போய் வேலையைப் பாருடா என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. சோளக்காட்டுக்குத் திரும்பி வந்து, அறையில் உட்கார்ந்து, அம்சவேணி எழுத ஆரம்பித்தார். முதலில் நான் பறித்து முடிப்பேன். பிறகு அவர் ஆள் ஏறி நுனிமரத்தை அறுத்து, கொடி நசுங்காமல் கயிற்றில் இறக்குவார்கள். கொடி செத்துப்போன மரங்களை அவர் அடியோடு எடுத்துக்கொள்ளலாம். அதுவரை சரசரவென்று போனது. அப்போது நல்லமுத்து இருமினார்.

“ஏனுங்க வக்கீலம்மா, மிச்சம் நிக்கிற மரம் யாரோடதுங்க?”

நாங்கள் எல்லோரும் அவரைப் பார்த்தோம். விற்றவர் ஒருவர் இருக்கிறார் என்பதே மறந்துபோயிருந்தது. நுனி போனால் தோட்டத்துக்கு நிழல் போகும், கீழே இருக்கிற காப்பிச் செடி கருகும், அதை யார் கேட்பது என்றார். அவர் கேட்டது நியாயம். அம்சவேணி அவரை மட்டும் உள்ளே கூட்டிப்போனார். வெளியே நானும் அருணாசலமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். சண்டை போட எதுவும் மிச்சமில்லை. அவர் எனக்கு ஒரு பீடி நீட்டினார். நான் பிடிப்பதில்லை. வாங்கிக்கொண்டேன்.

வெளியே வந்தபோது தீர்வு இருந்தது. மேல்வெட்டுக்குக் கீழே மூன்று பக்கக் கொப்புகளை விட்டுவைக்க வேண்டும், அது நிழலுக்கு. மிச்சம் நிற்கிற அடிமரம் பணம் கொடுத்த அருணாசலத்தினுடையது. ஆனால் என் குத்தகை முடியும்வரை அவர் தொடக் கூடாது. முடிந்த மறுநாள் மரம் அவருக்கு, கொடியோடு.

கொடியோடு.

அந்த வார்த்தையில் என் பேனா நின்றது. எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். சபரீஷ்கூடச் சாட்சியாகப் போட்டுவிட்டான். நான் எருப்போட்டுத் தேற்றிய கொடி. குத்தகை முடிந்தால் நல்லமுத்துவிடம் மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். இனி முடிந்த மறுநாளே அருணாசலம் மரத்தைச் சாய்த்தால் கொடியும் சாயும், நான் எதுவும் கேட்க முடியாது. இந்தத் தோட்டத்தில் என் பிழைப்புக்கு ஒரு முடிவுத் தேதி விழுகிறது.

வெளியே கடைசி பஸ் ஹாரன் அடித்தது. இந்தக் காகிதம் நாளைக் காலையில் கோர்ட்டுக்குப் போனால்தான் தடை நீங்கும். நாளைக்கு வெள்ளிக்கிழமை. தவறினால் திங்கட்கிழமை.

“அவசரமில்லீங்க” என்றார் அம்சவேணி. “யோசிச்சுப் போடுங்க. போடாமலும் இருக்கலாம். நான் இன்னொரு நாள் வாரேன்.”

“என்ன தம்பி” என்றார் அருணாசலம். “குத்தகை முடியட்டும், வந்து கேளு. துண்டு நான் எடுத்துட்டு வாரேன்.”

அது வாக்கா, பேச்சா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள நேரமும் இல்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். திங்கட்கிழமை என்று ஒரு நாள் இருக்கிறது, அன்றைக்கு முக்கில் ஒரு வேன் வந்து நிற்கும். அதில் நான் ஏறப்போவதில்லை. இருக்கிற வருடங்களுக்குப் பறிப்பேன். அதற்குள் வேறு தோட்டம் பிடிப்பேன்.

கையெழுத்துப் போட்டேன். பேனா காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போயிற்று.

ஹாரன் மறுபடி அடித்தது. அம்சவேணி பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அருணாசலம் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினார். மாமா, மெதுவா என்று சபரீஷ் ஓடினான். நல்லமுத்து எதற்கென்று தெரியாமல் அவரும் ஓடினார். நான் மேசையைப் பார்த்தேன். காகிதம் அங்கேயே கிடந்தது. ஓட்டத்தில் எல்லோரும் அதை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

அள்ளிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டேன்.

“போ சாமி, போ, வண்டி நகருது” என்று முனியாயி என் முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

நான் இரண்டு படியை ஒரே தாவலில் தாண்டிச் சாலையில் விழுந்து ஓடினேன். எனக்குப் பின்னால் முனியாயி அறைக் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினார்.